எத்தனை பேருக்கு சீட்டுன்னு கேக்காதீங்க, எந்த சீட்டுன்னு கேளுங்க

தேர்தல் வந்தா எல்லா கட்சியும் ஒரு வேட்பாளர் லிஸ்ட் விடும், கூடவே பெருமையா ஒரு கணக்கும் வரும், இத்தனை பெண்கள், இத்தனை சிறுபான்மையினர், இத்தனை இளைஞர்கள்னு. நான் அந்தக் கணக்கைப் பாக்கறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இப்பல்லாம் நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அவங்களுக்குக் கொடுத்த தொகுதியில போன தடவை அந்தக் கட்சி எத்தனை ஓட்டுல ஜெயிச்சுது இல்ல தோத்துது. இங்க லண்டன்ல வந்து செட்டில் ஆனப்புறம் பிரிட்டிஷ் அரசியலைப் பாத்துப் பாத்து வந்த பழக்கம் இது. (இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களும் இங்க பார்லிமென்ட் தேர்தல்ல ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் நாட்டுக்காரங்கன்னு. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாம ரிஜிஸ்டரே பண்றதில்ல, தயவுசெஞ்சு பண்ணுங்க.)

உமா குமரனையே எடுத்துக்குங்க. ஈழத்துலேர்ந்து போருக்குத் தப்பி வந்த அப்பா அம்மாவுக்கு இங்க பொறந்த பொண்ணு. 2015ல லேபர் கட்சி அவங்களுக்கு ஹாரோ ஈஸ்ட் தொகுதியைக் கொடுத்துச்சு, கன்சர்வேட்டிவ் கட்சியோட பாப் பிளாக்மேன்கிட்ட தோத்தாங்க. 2024ல ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதி கிடைச்சுது, ஜெயிச்சாங்க, பிரிட்டிஷ் பார்லிமென்டுக்குப் போன முதல் தமிழ் எம்பி ஆனாங்க. 2024 லேபர் அலை அடிச்ச வருஷம், அதனாலதான் ஜெயிச்சாங்கன்னு சொல்லலாம், ஆனா அந்த அலையிலயும் ஹாரோ ஈஸ்ட்ல பாப் பிளாக்மேன் அசையவே இல்ல, அவர்தான் திரும்பவும் ஜெயிச்சார். அதாவது அதே உமா குமரன் அதே ஹாரோ ஈஸ்ட்ல திரும்ப நின்னிருந்தா இன்னிக்கு அவங்க பேரு நிறைய பேருக்குத் தெரிஞ்சே இருக்காது. திறமை அவங்களோடது, அதுல சந்தேகமே இல்ல, ஆனா வாசலைத் திறந்தது தொகுதி.

இங்க 650 தொகுதி இருக்கு, அதுல நிறைய சேஃப் சீட்டுங்க, அதாவது அங்க வழக்கமா ஜெயிக்கற கட்சி யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும். அப்ப அங்க எம்பி யாருன்னு முடிவு பண்றது எழுபதாயிரம் ஓட்டர் இல்ல, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற அந்தக் கட்சியோட உள்ளூர் மெம்பர்கள், சில நூறு பேர். ஒரு சர்ச் ஹால்ல பிளாஸ்டிக் சேர் போட்டு, பின்னாடி டீ பிஸ்கட் வச்சு, ஒவ்வொருத்தரா வந்து பத்து நிமிஷம் பேசுவாங்க, கேள்வி கேப்பாங்க, ஓட்டுப் போடுவாங்க, முடிஞ்சுது கதை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா (எந்தக் கட்சின்னு சொல்ல வேணாம்) இப்படி ஒரு ஹால்ல நின்னாங்க. மூணு பேர் போட்டி, மத்த ரெண்டு பேரும் ஆம்பளைங்க. ரயில் கட்டணத்தைப் பத்தி எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி, அக்காகிட்ட மட்டும் எக்ஸ்ட்ராவா ஒண்ணு, வாரத்துல நாலு நாள் பார்லிமென்ட் இருக்கற வெஸ்ட்மின்ஸ்டர்ல இருந்தா பசங்களை யாரு பாத்துப்பாங்கன்னு. கேட்டது ஒரு வயசான அம்மா, ரொம்ப அன்பாத்தான் கேட்டாங்க. அந்த ரெண்டு ஆம்பளைங்களுக்கும் வீட்டுல சின்னப் பசங்க இருந்தாங்க, அவங்களை யாரும் கேக்கல. இதுக்கு மேல ஒண்ணு சொல்றேன், ஜெயிச்சவர் அந்த ஊரு கவுன்சிலர், மெம்பர்ஸ் எல்லார் போன் நம்பரும் அவர்கிட்ட வருஷக்கணக்கா இருக்கு, எல்லார் வீட்டு வாசல்லயும் நின்னு பேசி முடிச்சுட்டார். அக்காவுக்கு அந்த மெம்பர்ஸ் லிஸ்ட் கைக்கு வந்தப்ப மீட்டிங்குக்கு சில வாரம்தான் பாக்கி, வேலைக்கு லீவு போட்டு, பேபிசிட்டருக்குக் காசு கொடுத்து, ராத்திரி ராத்திரி போன் போட்டுப் பேசினாங்க. யாரும் அவங்களைத் திட்டல, அவமானப்படுத்தல, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா ரிசல்ட் எப்பவும் போலத்தான் வந்துச்சு.

இதனாலதான் நல்லெண்ணத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லன்னு நான் சொல்றேன், லேபர் கட்சியும் 1993ல அந்த முடிவுக்குத்தான் வந்துச்சு. 1992 தேர்தல்ல எல்லா கட்சியும் சேர்த்து மொத்தமே 60 பெண்கள்தான் எம்பி ஆனாங்க. அடுத்த வருஷம் லேபர் மாநாட்டுல ஒரு விதி கொண்டுவந்தாங்க, எம்பி ரிடையர் ஆகற சேஃப் சீட்டு, ஜெயிக்க வாய்ப்பிருக்கற சீட்டு, இதுல பாதியில போட்டி போடறவங்க எல்லாருமே பெண்களா இருக்கணும்னு. ஆல் விமன் ஷார்ட்லிஸ்ட்னு பேரு. இதுல இருக்கற புத்திசாலித்தனத்தைப் பாருங்க, மொத்த வேட்பாளர்ல இத்தனை சதவீதம்னு சொல்லல, ஜெயிக்கற சீட்டுல இவ்வளவுன்னு சொன்னாங்க. மெம்பர்களோட ஓட்டுரிமையைப் பிடுங்கவும் இல்ல, யாரை வேணா தேர்ந்தெடுங்க, ஆனா இவங்களுக்குள்ளன்னு சொன்னாங்க.

எதிர்ப்பு பயங்கரமா வந்துச்சு. வாய்ப்பு மறுக்கப்பட்ட ரெண்டு ஆண்கள் கேஸ் போட்டாங்க, 1996 ஜனவரில லீட்ஸ் தொழில் தீர்ப்பாயம் இது பாலினப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு எதிரானதுன்னு சொல்லிடுச்சு, திட்டம் நின்னுபோச்சு. ஆனா அதுக்குள்ள முப்பத்தி சொச்சம் தொகுதியில தேர்வு முடிஞ்சிருச்சு, அவங்க அப்படியே நின்னாங்க. 1997ல லேபர்ல மட்டும் 101 பெண் எம்பிக்கள், மொத்தம் 120. அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்கு! அடுத்து 2001ல அந்த விதி இல்லாம தேர்தல் நடந்துச்சு, மொத்தம் 118 ஆச்சு. இனிமே தானா ஏறும், மனசு மாறிருச்சுன்னு சொன்னவங்களுக்கு அந்த 118தான் பதில். அப்புறம் 2002ல சட்டத்தையே திருத்தி கட்சிங்க இப்படிச் செய்யலாம்னு அனுமதி கொடுத்தாங்க, இப்ப அது 2030 வரைக்கும் செல்லும்.

இதுக்கு விலையும் கொடுத்தாங்க, அதை மறைக்கக் கூடாது. வேல்ஸ்ல பிளானாய் குவென்ட்னு ஒரு தொகுதி, நிலக்கரி, இரும்பு ஆலைன்னு உழைச்ச ஜனங்க இருக்கற ஊரு, லேபர் கோட்டை, 2001ல பத்தொம்பதாயிரம் ஓட்டு வித்தியாசம். 2005ல அங்க பெண்கள் மட்டும்னு ஷார்ட்லிஸ்ட் போட்டு மேகி ஜோன்ஸை நிறுத்தினாங்க. உள்ளூர்க்காரர் பீட்டர் லா, வேல்ஸ் சட்டசபை உறுப்பினர், கோவிச்சுக்கிட்டு சுயேச்சையா நின்னார், ஒம்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுட்டார். அந்த ஜனங்களைப் பெண்களுக்கு எதிரானவங்கன்னு ஒரே வார்த்தையில ஒதுக்க எனக்கு மனசு வரல. லண்டன்ல உக்காந்து எங்க ஊருக்கு யாருன்னு நீ முடிவு பண்றியான்னு கோவம் வந்துச்சு, அது நியாயமான கோவம்தான். ஆனா அதுக்காக விதியைக் கைவிடாததுதான் சரின்னும் நெனக்கிறேன், ஏன்னா உள்ளூர் உள்ளூர்னு சொல்ற இடத்துல எல்லாம் வருஷா வருஷம் ஒரே மாதிரி ஆளுங்கதான் வந்துட்டிருந்தாங்க.

கன்சர்வேட்டிவ் கதை வேற மாதிரி. 2005 தேர்தல்ல அவங்க ஜெயிச்ச 198 பேர்ல 17 பேர்தான் பெண்கள், வெள்ளையர் இல்லாதவங்க ரெண்டே பேர். டேவிட் கேமரன் தலைவரானதும் ஏ-லிஸ்ட்னு பெண்கள், சிறுபான்மையினர் நிறைய பேர் இருக்கற ஒரு வேட்பாளர் பட்டியல் தயார் பண்ணி, நல்ல தொகுதிங்களுக்கு ஆளை இதுலேர்ந்து எடுங்கன்னு சொன்னார். கட்சியோட உள்ளூர் சங்கங்கள்ல ஏகப்பட்ட முணுமுணுப்பு, கொஞ்ச நாள்லயே விதியைத் தளர்த்த வேண்டியதாச்சு. டாட்னஸ்ங்கற தொகுதியில 2009ல இன்னும் ஒரு படி மேல போனாங்க, கட்சி மெம்பர்கள்னு இல்லாம தொகுதியில இருக்கற எல்லா ஓட்டருக்கும் தபால்ல வாக்குச்சீட்டு அனுப்பி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க, ஜனங்க தேர்ந்தெடுத்தது சாரா வோலஸ்டன்னு ஒரு டாக்டரம்மாவை. எனக்கு ரொம்பப் பிடிச்ச முயற்சி இது, ஆனா செலவு ஜாஸ்தின்னு பெருசா பரவாமலே போயிருச்சு. எப்படியோ 2010ல பெண்கள் 49, வெள்ளையர் இல்லாதவங்க 11 ஆச்சு. ப்ரீத்தி படேல் விதம்ல, சாஜித் ஜாவித் பிராம்ஸ்க்ரோவ்ல, ஹெலன் கிராண்ட் மெய்ட்ஸ்டன்ல, எல்லாம் வெள்ளைக்காரங்க பெரும்பான்மையா இருக்கற, கட்சிக்கு உறுதியான சீட்டுங்க. 2015ல ரிஷி சுனக்குக்குக் கிடைச்சது முன்னாள் கட்சித் தலைவர் வில்லியம் ஹேக் விட்டுட்டுப்போன யார்க்‌ஷயர் ரிச்மண்ட், ஆடு மாடு வயக்காடுன்னு இருக்கற ஏரியா. ஏழு வருஷத்துல பிரதமர்.

லேபர்ல பல வருஷம் ஆசிய, கறுப்பின வேட்பாளர்களை அந்தந்த சமூகம் நிறைய இருக்கற ஏரியாவுலதான் அதிகமா நிறுத்தினாங்க. 1987ல டயான் அபாட், பெர்னி கிராண்ட், பால் போட்டெங், கீத் வாஸ்னு நாலு பேர் உள்ள போனது பெரிய சாதனை, கட்சிக்குள்ள கறுப்பினப் பிரிவு வேணும்னு வருஷக்கணக்கா சண்டை போட்டதுக்குக் கிடைச்ச பலன், ஆனா நாலுமே கலப்பு ஜனத்தொகை இருக்கற நகரத் தொகுதிங்க. உங்க ஆளுங்க இருக்கற எடத்துல நீங்க நில்லுங்கங்கற எண்ணத்தை உடைச்சதுல கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பங்கு இருக்கு, அவங்க கொள்கை எதுவும் எனக்கு ஒத்துவராட்டியும் இதை ஒத்துக்கணும். அதே நேரத்துல எண்ணிக்கைன்னு வந்தா கட்டாய விதி இல்லாததோட விளைவு அப்படியே தெரியுது, 2024ல கன்சர்வேட்டிவ் 121 எம்பிக்கள்ல பெண்கள் 29 பேர்தான், லேபர்ல 411ல 190. இன்னொரு கட்சியான லிபரல் டெமாக்ரட்டுங்க 2001லேயே இந்த ஷார்ட்லிஸ்ட் வேணாம்னு ஓட்டுப் போட்டு ஒதுக்கினவங்க, 2015ல எட்டு எம்பி மிஞ்சினப்ப எட்டு பேரும் ஆம்பளைங்க. அதுக்கடுத்த வருஷமே ஷார்ட்லிஸ்டுக்கு ஒத்துக்கிட்டாங்க.

நம்ம ஊருக்கும் இதே அளவுகோலை வச்சுப் பாருங்க. 2021 சட்டசபைத் தேர்தல்ல நாம் தமிழர் கட்சி 234ல 117 பெண்களை நிறுத்துச்சு, சரிபாதி, வேற யாரும் செய்யாதது, ஆனா அந்தக் கட்சிக்கு ஜெயிக்கற சீட்டுன்னு ஒண்ணும் இல்ல. ஜெயிக்கற சீட்டு கையில இருக்கற கட்சிங்க கொடுக்க மாட்டேங்கறாங்க. அந்தத் தேர்தல்ல சட்டசபைக்குப் போன பெண்கள் 12 பேர். 2024 பார்லிமென்ட் தேர்தல்ல திமுக 21 இடத்துல நின்னு 3 பெண்களுக்குக் கொடுத்துச்சு, மூணு பேரும் ஜெயிச்சாங்க. பெண்கள் நின்னா ஜெயிக்க மாட்டாங்கன்னு மாவட்டச் செயலாளருங்க இன்னும் சொல்லிட்டிருந்தா இதைத்தான் காட்டணும்.

பிரிட்டன்லயும் பாக்கி நிறைய இருக்கு. பெண்களுக்கு ஷார்ட்லிஸ்ட் போடலாம், ஆனா ஒரு இனத்தவருக்கு மட்டும்னு போட 2010 சமத்துவச் சட்டம் அனுமதிக்கல. வேட்பாளர்கள் யாரு யாருங்கற புள்ளிவிவரத்தைக் கட்சிங்க வெளியிடணும்னு அதே சட்டத்துல 106வது பிரிவு இருக்கு, ஆனா 2024 தேர்தல் வரைக்கும் அதை அமலுக்கே கொண்டு வரல. மாற்றுத்திறனாளி வேட்பாளர்களுக்கு சைகைமொழி ஆள், டாக்ஸின்னு ஆகற செலவுக்கு 2012ல ஒரு நிதி ஆரம்பிச்சாங்க, 2015லயே நிறுத்திட்டாங்க. இது எனக்குக் கோவமாவே வருது, ஏன்னா ஷார்ட்லிஸ்ட் மாதிரி இதுல யாரோட சீட்டும் போகல, கொஞ்சம் காசுதான். கூலி வேலை செய்யறவங்க நிலைமை அதைவிட மோசம், எம்பி ஆக முயற்சி பண்ணவே சேமிப்பு வேணும், சம்பளம் போனாலும் தாங்கற குடும்பம் வேணும், அதுக்கு எந்தக் கட்சிகிட்டயும் ஒழுங்கான பதில் இல்ல.

இப்ப என் கவலை வேற. 2019ல லேபர் எம்பிக்கள்ல பாதிக்கு மேல பெண்கள், 202ல 104. பாதியைத் தாண்டிட்டா சட்டப்படி இந்த ஷார்ட்லிஸ்டைத் தொடர முடியாதுன்னு வக்கீலுங்க சொல்ல, 2022ல நிறுத்திட்டாங்க. 2024ல அது இல்லாம நின்னாங்க, அதுலயும் கடைசி நேரத்துல காலியான பல தொகுதிக்கு உள்ளூர் மெம்பர்களைக் கேக்காம மேலிடக் கமிட்டியே ஆளைப் போட்டுச்சு. லேபர் எம்பிக்கள்ல பெண்கள் 51 சதவீதத்துலேர்ந்து 46 ஆச்சு. பெரிய வீழ்ச்சி இல்லதான், ஆனா 2001ல நடந்ததைப் படிச்சவங்களுக்கு இது எந்தப் பக்கம் போகும்னு தெரியும். பாதிக்குக் கீழ வந்துட்டதால அந்த வழி இப்ப லேபருக்குத் திரும்பவும் திறந்துதான் இருக்கு, 2030க்குள்ள எடுக்கறாங்களான்னு பாக்கணும். அடுத்த தேர்தலுக்கு முன்னாடி ரிடையர் ஆகற எம்பிங்க பேரு ஒவ்வொண்ணா வரும்போது அந்த சீட்டு ஒவ்வொண்ணும் யாருக்குப் போகுதுன்னு நான் குறிச்சு வைக்கப் போறேன், உங்க ஏரியாவுல கட்சி மெம்பரா இருக்கறவங்க அந்த செலக்‌ஷன் மீட்டிங்குக்கு மறக்காம போங்க.