சுவரில் தொங்கிய உரிமம் என்னுடையது இல்லையாம்

இங்கே அமெரிக்காவில், ஓடிக்கொண்டிருந்த ஒரு கடையை அப்படியே வாங்கினேன். சுவரில் புகையிலை விற்பனை உரிமம் கண்ணாடிச் சட்டகத்தில் தொங்கியது, முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. பெயரை மாற்றினால் போதும் என்று அலுவலகம் போனால், பெயர் மாற்றம் என்பதே கிடையாதாம். ஆள் மாறினாலும் கடை இடம் மாறினாலும் பழையது செல்லாது. புதியது கைக்கு வரும்வரை சிகரெட்டை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதே குற்றம். அன்று மாலையே எல்லாவற்றையும் இறக்கினேன்.

சரி, புதிதாக விண்ணப்பித்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இந்த முகவரியில் சின்னப் பசங்களுக்கு வித்ததா ரெண்டு பதிவு இருக்கே" என்றார். அது பழைய முதலாளி செய்தது என்றேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. மாட்டிக்கொண்டவர் கடையை மச்சான் பெயருக்கு மாற்றித் தப்பிக்கக் கூடாது என்பதற்காக, எங்கள் விதியில் குற்றப் பதிவு முகவரியோடு ஒட்டிக்கொள்கிறது. நியாயம்தான். ஆனால் அதை நீக்க என்ன காகிதம் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லித் தொலைக்கலாம் அல்லவா? முதல் முறை விற்பனை ஒப்பந்தம், இரண்டாம் முறை வங்கியில் பணம் போன ஆதாரம், மூன்றாம் முறை எங்களுக்குள் உறவில்லை என்ற உறுதிமொழிப் பத்திரம். மூன்று நடை. கடை வாங்கப்போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த முகவரியின் பதிவைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான்காவது நடை என் தப்பு. மின் சிகரெட்டில் புகையிலைத் தூளே இல்லையே என்று அதற்கான கட்டத்தில் டிக் போடாமல் விட்டிருந்தேன். கருவி, நிகோடின் திரவம், காலிக் குப்பி வரை எல்லாமே புகையிலைப் பொருள் கணக்கில் அடக்கமாம்.

ஆய்வுக்கு வந்தவர் நல்ல மனிதர், கண் மட்டும் கூர்மை. மிட்டாய் ஜாடிக்குள் கைவிட்டு சிகரெட் வடிவ மிட்டாயை எடுத்தார். பழைய சரக்கு, நான் கவனிக்கவே இல்லை. உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையிலேயே, 16-வது பிரிவில், இந்த மிட்டாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறதாம். அப்புறம் அறிவிப்புப் பலகை. நான் வாங்கி மாட்டியதில் 18 வயது என்று இருந்தது, இங்கே வரம்பை 21 ஆக உயர்த்தி வெகுநாளாகிறது. கடைக்காரர் தலையில் பழைய பலகையைக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

உரிமம் வந்தது. அதோடு முடியவில்லை. வயது குறைந்த ஒருவரைச் சாமான் வாங்குவதுபோல அனுப்பிச் சோதிப்பார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார், தன் உண்மையான அடையாள அட்டையையே நீட்டுவார். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் கணக்குத் தப்பி விற்றுவிடுகிறவர்கள் நிறைய. அதனால் தினமும் காலையில் 'இந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்கு இல்லை' என்று எழுதி கல்லாவில் ஒட்டச் சொன்னேன். கடைப்பையன், "இதுகூடவா எனக்குத் தெரியாது?" என்று முகம் சுளித்தான்.

மூன்றாவது வாரம், வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது தாடி வைத்த ஒருவர் அட்டையை நீட்டினார். பையன் சீட்டைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், "இல்லைங்க" என்றான். பதினொரு நாள் குறைந்திருக்கிறது! வெளியே நின்றிருந்த அதிகாரி உள்ளே வந்து தேர்ச்சிச் சீட்டு கொடுத்தார். அதை உரிமத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டான் பையன், என்னைக் கேட்காமலே.