செப்புக் குழாய்க்குள் மெல்ல இறங்கிய காந்தம்: திருநெல்வேலியில் இரண்டு நாள்

திருநெல்வேலியிலிருந்து நேற்று இரவுதான் மதுரைக்கு வந்து சேர்ந்தேன். வழி, செலவு, பார்க்க வேண்டியவை என்று ஒழுங்காகப் பிரித்து எழுதித் தருவதாக நண்பர்கள் சிலருக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால், ஒரு செப்புக் குழாய்க்குள் அவசரமே இல்லாமல் இறங்கிய சிறு காந்தமும், அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண்களின் முகங்களுமே முன்னால் வந்து நிற்கின்றன. ஆகவே செலவுக் கணக்கு இடையிடையேதான் வரும்.

என் பெரியம்மா மகள் மானூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று மாவட்ட அறிவியல் மையத்தின் நடமாடும் கண்காட்சிப் பேருந்து தம் பள்ளிக்கு வருகிறது என்று சொல்லி, "நீயும் வந்து பாரேன்" என்று அழைத்தார். முதல் நாள் கொக்கிரகுளத்தில் உள்ள மையத்தையும், மறுநாள் அக்காவின் பள்ளியையும் பார்ப்பது என்று முடிவு செய்து, இரண்டு நாளைக்கு 1,200 ரூபாய்க்கு மேல் செலவழிப்பதில்லை என்ற உறுதியோடு, 2025 பிப்ரவரி 27, வியாழக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன்.

அந்தப் பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. முந்தைய நாள் மகா சிவராத்திரி என்பதால், குலதெய்வக் கோயில்களுக்குச் சென்று இரவெல்லாம் விழித்துத் திரும்பியவர்கள் இருக்கைகளிலும் இருக்கைகளுக்கு நடுவிலும் நிறைந்திருந்தார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. கோவில்பட்டியைத் தாண்டியதும் வண்டி புகையோடு நின்றுவிட்டது; மாற்று வண்டி வரும் என்று சொல்லிச் சொல்லியே ஒன்றேகால் மணி நேரம் எங்களை வெயிலில் நிற்க வைத்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது நடத்துநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி பழுதாவது யாருக்கும் நேரக்கூடியதுதான், ஆனால் அதன்பின் பயணிகளிடம் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பன்னிரண்டரை மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும், நேரம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர் 250 ரூபாய் கேட்டார். நான் வாதாடியும் 200க்குக் கீழே இறங்க மறுத்தார். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு அது அநியாயமான தொகை. மதுரையிலிருந்து வரும் பேருந்துகள் பல வண்ணார்பேட்டை வழியாகவே செல்கின்றன. அங்கேயே இறங்கியிருந்தால் மையம் மிக அருகில்தான். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமும் இல்லை. இரண்டையும் அக்கா அன்று இரவுதான் சொன்னார். செல்பவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளட்டும். மையத்தின் நுழைவுக் கட்டணமோ, ஆட்டோவுக்குக் கொடுத்ததில் மிகச் சிறு பகுதிதான்.

தாமிரபரணியை ஒட்டி, 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்திற்கு அருகில், மரங்கள் நிறைந்த வளாகத்தில் இருக்கிறது மையம். உள்ளே சென்ற கால் மணி நேரத்திலேயே எனக்குக் கோபம் வந்தது. அதற்கு மையம் காரணமன்று. இரண்டு பேருந்துகளில் மாணவர்களை அழைத்து வந்திருந்த ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர்கள், வரிசையின் இருபுறமும் நின்றுகொண்டு, "தொடாதே, கையைக் கட்டு, நடந்துகொண்டே இரு" என்று சொல்லியபடியே இருந்தார்கள். தொடுவதற்காகவே அமைக்கப்பட்ட பூங்கா அது! கயிற்றைப் பிடித்து இழுத்து, தன் எடையைத் தானே தூக்கிப் பார்ப்பதற்கான கப்பி இருக்கைகள் அங்கே இருக்கின்றன. தொலைவில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு பெரிய பரவளையத் தட்டுகளில், ஒன்றின் குவியத்தில் வாயை வைத்து மெல்லிய குரலில் பேசினால், அந்த ஒலி இணைக்கற்றையாக எதிர்த்தட்டைச் சென்றடைந்து அதன் குவியத்தில் கூடுவதால், அங்கே காதை வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும். இதைக் கையைக் கட்டிக்கொண்டு எப்படி அறிவது? பின்தங்கிய ஒரு சிறுவன் தட்டில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, மறுமுனையில் யாரும் இல்லாததால் திரும்பிப் பார்த்தான். நான் விரைந்து சென்று மறுமுனையில் காதை வைத்தேன். "கேக்குதா?" என்றான். "கேக்குது, உன் பேரைச் சொல்லு" என்றேன். அவன் பெயரைச் சொல்வதற்குள் ஆசிரியர் அழைத்துவிட்டார். நாற்பது நிமிடத்தில் அவர்கள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பெற்றோர் அளித்த சுற்றுலாப் பணம் வீணாயிற்று என்றே சொல்வேன்.

இந்த மையம் 1987இல் திறக்கப்பட்டது. தேசிய அறிவியல் நாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டதும் அதே ஆண்டுதான். பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் கிளையாக, தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றத்தின் கீழ் இது இயங்குகிறது. அம்மன்றம் 1978இல்தான் உருவானது. ஆனால் அதன் நடமாடும் கண்காட்சியின் வரலாறு அதைவிட மூத்தது. பின்னர் இம்மன்றத்தின் கீழ் வந்த, 1959இல் திறக்கப்பட்ட கொல்கத்தா பிர்லா அருங்காட்சியகம், நகரத்துக்கு வர முடியாத பிள்ளைகளிடம் தானே செல்வதென்று 1965இலேயே பேருந்தில் காட்சிப்பொருள்களை ஏற்றி அனுப்பத் தொடங்கிவிட்டது. தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகத்துக்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரேட்டோரியம் திறக்கப்பட்டது 1969இல். கொல்கத்தாவின் இந்த முன்னோடிப் பணியை நம் ஊர்ப் பாடநூல்களில் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாலையில் கூட்டம் குறைந்ததும், அங்கிருந்த கல்விப் பணியாளர் ஒருவர் மரத்தடியில் அமர்ந்து, ஓர் ஆண்டின் வேலையை விரிவாக எடுத்துச் சொன்னார். மாணவர் கருத்தரங்கு, அறிவியல் நாடகப் போட்டி, குறைந்த செலவில் கற்பித்தல் கருவிகள் செய்ய ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம், கோடை விடுமுறை முகாம் என்று பட்டியல் நீண்டது. அவற்றில் என்னை நிறுத்திவைத்தது நிழலில்லா நாள். சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாளும் ஆகஸ்ட் கடைசியில் ஒருநாளும் திருநெல்வேலியின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அந்த நண்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அதே நாள், சென்னையின் நண்பகலில், அங்கே ஒரு மீட்டர் உயரக் குச்சியை நட்டால் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் நிழல் விழும். அந்த நிழலிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டால் 4.4 பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 485 கிலோமீட்டர். கோணம் முழு வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்து, தூரத்தை அத்தனை மடங்காக்கினால், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் எகிப்தில் செய்த கணக்கை, இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குச்சியையும் ஒரு தொலைபேசி அழைப்பையும் வைத்துச் செய்துவிடலாம். காசு செலவழிக்காமல் இதைவிடப் பெரிய ஒன்றை அளக்க முடியுமா என்று அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டில் பெரியம்மா எனக்காகச் சொதி வைத்திருந்தார். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். மறுவீட்டு விருந்தில் நான் சாப்பிட்ட எந்தச் சொதியும் இதன் அருகில் வராது. கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பால் திரிந்துவிடும் என்றார் பெரியம்மா. "ஏன் திரியுது?" என்று அக்காவின் மகன் கேட்டான். வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கவனித்திருக்கவே மாட்டேன். சூடு ஏறும்போது, பாலில் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் புரதம் உருமாறி, துளிகள் ஒன்றுசேர்ந்து பிரிந்துவிடுகின்றன என்று அக்கா இலையில் விரலால் வரைந்து காட்டினார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளி வாசலில் அந்தப் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநரும் விளக்குநரும் இறங்கி வேலையைத் தொடங்குவதற்குள் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டார்கள். கையால் சுழற்றும் மின்னாக்கியின் முன்தான் முதலில் கூட்டம் கூடியது. ஒரு விளக்கு எரியும்போது எளிதாகச் சுழலும் கைப்பிடி, இரண்டாவது, மூன்றாவது விளக்குகளையும் இணைத்ததும் இறுகிக் கனக்கிறது. வீட்டில் தேவையில்லாமல் எரியும் விளக்குக்காக எங்கோ ஏதோ ஒன்று உழைத்தாக வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் தோள்வலியோடு அறிந்துகொண்டார்கள்.

பிறகு விளக்குநர் தாழ்வாரத்தில் அமர்ந்து, ஒரு மீட்டர் நீளச் செப்புக் குழாயை எடுத்து, அதன் சுவரில் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. அதே காந்தத்தைக் குழாய்க்குள் போட்டார். அரை நொடிக்குள் விழ வேண்டியது, ஐந்தாறு நொடி கழித்துத்தான் கீழே வந்தது. "பேய் பிடிச்சிருக்கு" என்று ஒரு பையன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். விளக்குநர் விடையைச் சொல்லவில்லை; குழாயை அவர்களிடமே கொடுத்துவிட்டு எழுந்துகொண்டார். நான் இந்தப் பயணத்தில் பார்த்த மிகச் சிறந்த கற்பித்தல் அதுதான்.

அடுத்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். உள்ளே பசை இருக்கிறது என்றாள் ஒருத்தி. விரலை விட்டுப் பார்த்து, இல்லை என்றாள் இன்னொருத்தி. துளை சிறிதாக இருப்பதால் உரசுகிறது என்ற யோசனை அடுத்து வந்தது. அதே அளவுள்ள இரும்புத் துண்டைப் போட்டுப் பார்த்தார்கள், அது சட்டென்று விழுந்துவிட்டது. காந்தம் குழாயோடு ஒட்டி ஒட்டி இறங்குகிறது என்று ஒரு பெண் பிடிவாதமாகச் சொன்னபோது, அவள் தோழி, "ஏட்டி, அது செம்புல ஒட்டவே இல்லட்டி, நீதானே பார்த்த" என்று மறுத்தாள். பிளாஸ்டிக் குழாய் வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்கி, காந்தத்தை அதற்குள் போட்டு, அது விரைந்து விழுவதைக் கண்டார்கள். கடைசியில், மின்சாரம் கடத்தும் குழாயில் மட்டும்தான் இப்படி நடக்கிறதா என்று அந்தப் பிடிவாதக்காரப் பெண்ணே கேட்டாள். அதற்குப் பிறகுதான் விளக்குநர் மீண்டும் உட்கார்ந்து, நகரும் காந்தம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831இல் ஃபாரடே கண்டதையும், அந்த மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்று 1834இல் லென்ஸ் சொன்னதையும், காலையில் அவர்கள் தோளை வலிக்கச் செய்த கைப்பிடியும் இந்தக் குழாயும் ஒன்றே என்பதையும் விளக்கினார். கேள்வி அவர்களுடையதாக இருந்ததால் விடை முழுவதும் உள்ளே போயிற்று.

மாலை நிகழ்ச்சி தொலைநோக்கி. முந்தைய நாள்தான் அமாவாசை, ஆதலால் வானம் நன்றாக இருண்டிருந்தது. மேற்கில் வெள்ளி மிகப் பிரகாசமாக இருந்தது, தொலைநோக்கியில் பார்த்தபோது அது வட்டமாக இல்லாமல் மெல்லிய பிறையாகத் தெரிந்ததும், வரிசையில் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர் "இது நெலா இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். வெள்ளி பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட பக்கத்துக்கு வந்துகொண்டிருந்ததால், அதன் ஒளி படாத பகுதியே பெரும்பாலும் நம் பக்கம் இருந்தது. தலைக்கு மேலே, ரோகிணி விண்மீனுக்கு அருகில் வியாழன். 1610இல் கலிலியோ கண்ட அதன் நிலாக்கள் ஒரே கோட்டில் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. வயலிலிருந்து நேரே வந்தவர்களும், பேரக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பாட்டிமார்களும், எட்டரை மணி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கலைந்தார்கள்.

என் மொத்தச் செலவு 870 ரூபாய். அதில் ஆட்டோவுக்குக் கொடுத்த 200 ரூபாய்தான் இன்னும் உறுத்துகிறது. இன்று காலை அக்கா தொலைபேசியில் அழைத்து, அந்த ஏழாம் வகுப்புப் பெண்கள் ஏசி பழுது பார்க்கும் ஒருவரிடம் முக்கால் மீட்டர் செப்புக் குழாய்த் துண்டு வாங்கிவிட்டார்கள் என்றும், காந்தம்தான் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். குழாயின் உள்விட்டத்தை அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். அளவு வந்ததும், அதைவிடச் சற்றே சிறிய உருளைக் காந்தம் ஒன்றை வாங்கி அஞ்சலில் அனுப்ப வேண்டும்.