குடியாத்தம் பஸ்ஸில் வந்த ஃப்ரெஷர்

நேத்து காட்பாடி சாஃப்ட்வேர் ஆபீஸ்ல ஃப்ரெஷர் (முன் அனுபவம் இல்லாம முதல் வேலை தேடுறவங்க) இன்டர்வியூ. பன்னிரண்டு ரெஸ்யூம், ஒன்பதுல ஒரே ப்ராஜெக்ட்: நூலக மேலாண்மை! குடியாத்தத்துல இருந்து பஸ் ஏறி வந்த பொண்ணு எந்தக் கேள்விக்கும் பளிச்னு பதில் சொல்லல. சரின்னு பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதின, ஓடாத கோடு ஒண்ணைக் கொடுத்தேன். துப்பட்டாவால நெத்தி வேர்வையைத் துடைச்சுட்டு, வரிக்கு வரி என்ன வருதுன்னு ஸ்கிரீன்ல பிரின்ட் போட்டுப் பார்த்துச்சு. இருபது நிமிஷம்.

"சார், லிஸ்ட்ல எண்ணிக்கை பூஜ்யத்துல ஆரம்பிக்குது. நீங்க ஒண்ணுல இருந்து எண்ணிட்டீங்க."

எடுத்தாச்சு!

மாணவர்களுக்கு வேலைத் திறன் சொல்லித் தர தமிழக அரசு 2022லயே 'நான் முதல்வன்' திட்டம் கொண்டுவந்துடுச்சு. ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி பிளஸ் டூ முடிச்ச பசங்களையே எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தருது. நாம மட்டும் ஃப்ரெஷர்கிட்ட ரெண்டு வருஷ அனுபவம் கேட்போம். (என்னையும் சென்னையில அப்படித்தான் திருப்பி அனுப்புனாங்க.)

முதல் மூணு மாசம் என் பக்கத்து சீட்டு அந்தப் பொண்ணுக்கு. அங்க ஃபேன் காத்து வராது, சொல்லிட்டேன்.