எவ்வளவு நேரம்?

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், படப்பிடிப்பு நடந்த அன்று மாலை அந்தப் பெரியவரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். அதைத் தவிர வேறு எதையாவது கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அது ஏப்ரல் கடைசி. பாறை மேல் கதாநாயகி நிற்க, பின்னால் சூரியன் கடலில் இறங்க வேண்டும். அவருடைய கால்ஷீட் அன்றோடு முடிகிறது. வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம் இருந்தால் அதிகம். பாதுகாப்புக்கென்று ஊரில் கூலிக்கு அமர்த்தியிருந்த பெரியவர் என் பக்கத்தில் வந்து, “தம்பி, அந்தப் பாறையில இனி ஆள ஏத்தாண்டாம்” என்றார்.

“கடல் அமைதியாத்தானே இருக்கு ஐயா?”

“அமைதியாத்தான் கெடக்கு. அதான் சொல்லுதேன்.”

“எவ்வளவு நேரம் பொறுக்கணும்?”

“அது தெரியாது.”

இவ்வளவுதான் பேச்சு. புரொடக்‌ஷன் மேனேஜருக்கு எல்லாப் பதிலும் மணிக்கணக்கிலோ ரூபாயிலோ வர வேண்டும். ஜெனரேட்டர் எத்தனை மணி வரை, கேரவன் எத்தனை நாள், வள்ளத்துக்கு என்ன வாடகை. அவருடைய பதிலில் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் அதை அறிவாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசமாக ஒன்றையும் செய்தேன். முந்தைய நாள் வள்ளக்காரர்களோடு வாடகைக்குப் பேரம் நடந்திருந்தது. இவரும் அதற்குத்தான் அடி போடுகிறார் என்று எண்ணி, “ஐநூறு சேர்த்துத் தரச் சொல்றேன்யா” என்றேன்.

அவர் அதன் பிறகு பேசவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு பாறைக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சட்டகத்துக்கு வெளியே நின்றார். மூன்று டேக் போனது. மூன்றாவது ஓகே. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு அலைகூடப் பாறை மேல் ஏறவில்லை.

ஆக, நான் எடுத்த முடிவு சரிதானே? பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் வேண்டாம் என்பார். எல்லாவற்றையும் கேட்டால் படம் முடியாது. எண்பது பேருக்கு அன்று பேட்டா போட வேண்டும். இதெல்லாம் உண்மைதான், இப்போதும் மறுக்க மாட்டேன்.

அந்தப் பெரியவர் சொன்னதற்குப் பெயர் கள்ளக்கடல் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெற்கே, அண்டார்டிகா பக்கத்துக் கடலில் எங்கோ அடிக்கும் புயல் எழுப்பிய அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. திடீரென்று கடல் கரையேறிவிடும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். மழைக்காலத்துக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையத்திலிருந்து இப்போது முன்னறிவிப்புக்கூட வருகிறது. ஆனால் இந்தப் பாறையில் இந்த நிமிடம் என்று எந்தக் கருவியும் சொல்லாது. பெரியவரின் “தெரியாது” அறியாமை இல்லை. தன் அறிவு எதுவரை என்று தெரிந்தவரின் பதில் அது.

2024 மே 6 அன்று, முட்டத்துக்குப் பக்கத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள். செய்தியைப் பார்த்தபோது என் கண்ணில் நின்றது எங்கள் ஷாட். அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, அவர்கள் போனதும் அந்தப் பாறைக்கு இல்லை. அவர்கள் சாவை என் கணக்கில் எழுதிக்கொள்வது ஒருவகைத் திமிராகக்கூட இருக்கலாம். ஆனாலும் 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்த நாளிலிருந்து முட்டத்துப் பாறைகளைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சினிமா காட்டிய இடத்தில் நின்று பார்க்க ஆசைப்படுவது இயல்பு. எங்கள் சட்டகத்தில் கடல் அவ்வளவு சாதுவாக இருக்கிறது. கயிற்றோடு கீழே நின்ற மனிதர் அதில் இல்லை. அவர் தெரியாதபடி கேமராவை வைக்கச் சொன்னதில் எனக்கும் பங்குண்டு.

பேக்கப் ஆனதும் அவர் கூலியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். ஐநூறு ரூபாயைத் தனியாக மடித்து எங்கள் யூனிட் பையன் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். வவுச்சரில் அதை என்னவென்று எழுதுவது என்று பையன் கேட்டான். நான் அவரைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை.

போன மாதம் வேறொரு கடற்கரையில் லொகேஷன் பார்க்கப் போனோம். வழுக்குப் பாறை ஒன்றைக் காட்டி டைரக்டர் கேட்டார், “இங்க எவ்வளவு நேரம் சேஃப்?” வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் அருகிலேயே இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. “நாலு மணி வரைக்கும் ஓகே சார்” என்று வாயில் வந்துவிட்டது.