கம்பத்து மானிய வீடு: மனுவுக்கு முன் நிலத்தைப் பார்க்கும் முறை

மானிய வீடு என்றாலே எல்லாரும் முதலில் சம்பளச் சிலிப்பைத் தேடுவார்கள். பினாங்கு மாநிலத்தில் செபராங் பிறையின் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) பழைய தோட்டப்புறங்களிலும் மனு தயார் செய்துகொடுக்கும் எங்கள் கைக்கு வந்தவற்றில் சம்பளத்தால் கவிழ்ந்த கோப்பு குறைவு. பெரும்பாலும் கவிழ்த்தது நிலம்தான். அதனால் நாங்கள் பார்க்கும் வரிசை வேறு: கெராண்டு (நில உரிமைப் பத்திரம்), தண்ணீர், மண், லோரி வரும் வழி, அதற்குப் பிறகுதான் வருமானம். காசு அதிகம் செலவாகாத சோதனைகள் முதலில் வரும். கெராண்டிலேயே இடறும் நிலத்துக்கு மண் சோதனை செய்வது வெட்டிச் செலவு.

எந்தத் திட்டத்துக்குப் போகிறோம் என்பதை முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். சொந்த நிலம் உண்டு, வீடில்லை அல்லது இருக்கும் வீடு இடிகிற நிலை, மாதம் கொஞ்சம் கட்ட முடியும் என்றால் ரூமா மெஸ்ரா ராக்யாட். 1997-இல் தொடங்கிய அரசு நிறுவனமான எஸ்பிஎன்பி இதை நடத்துகிறது. வீடு ஏறக்குறைய 1,000 சதுர அடி, 3 அறை, 2 குளியலறை. விலையில் ஒரு பகுதி மானியம், மிச்சம் மாதத் தவணை. தவணையே கட்ட முடியாத ஏழ்மை என்றால் கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் பிபிஆர்டி உதவி. அதில் புதிய வீடும் உண்டு, பழுதுபார்ப்பும் உண்டு. ஆனால் குடும்பத்தின் பெயர் இ-காசே என்னும் ஏழைக் குடும்பங்களின் அரசுப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். 2022 கணக்கின்படி நாட்டின் வறுமைக்கோட்டு வருமானம் 2,589 ரிங்கிட், கடும் வறுமைக்கோடு 1,198 ரிங்கிட். இரண்டு திட்டத்துக்கும் ஒரே நேரத்தில் மனு போட்டுக் குழப்பாதீர்கள். வருமான உச்சவரம்பும் மானியத் தொகையும் அவ்வப்போது மாறுவதால், அந்த ஆண்டின் மனுப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இனி கெராண்டு. வீட்டில் மடித்து வைத்திருக்கும் நகலை நம்ப வேண்டாம். நில அலுவலகத்தில் 'சாரியான்' (நிலப் பதிவின் அதிகாரபூர்வ தேடல் தாள்) எடுங்கள். வடக்கு வட்டாரத்துக்குக் கெப்பாளா பத்தாஸ், நடுவட்டாரத்துக்குப் புக்கிட் மெர்தாஜாம், தெற்குக்குச் சுங்கை ஜாவி, தீவின் தென்மேற்குக்குப் பாலிக் பூலாவ். அந்தத் தாளில் ஐந்து இடங்களைப் பார்க்கிறோம்: உரிமையாளர் பெயர்களும் பங்கும், நிலத்தின் வகை, வெளிப்படையான நிபந்தனை, உரிமைக் கட்டுப்பாடு, கடைசியில் அடமானமோ கேவியட்டோ (நில மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) பதிவாகியிருக்கிறதா என்பது. 'மாநில அரசின் அனுமதியின்றி மாற்றவோ அடமானம் வைக்கவோ கூடாது' என்ற வரி இருந்தால் அடமானம் வைக்கவே அனுமதி வேண்டும். அதற்கே மாதங்கள் ஓடும்.

அதிகமாக மாட்டிக்கொள்வது தாத்தா பெயரில் நிற்கும் நிலத்தில். மூன்று தலைமுறை ஆகியும் யாரும் பெயர் மாற்றவில்லை, நான்கு குடும்பங்கள் அதே நிலத்தில் குடியிருக்கின்றன. சிறு மரபுச் சொத்து (பகிர்வு) சட்டம் 1955-இன் கீழ் இதை முடிக்க நில அலுவலகத்திலேயே வழி உண்டு. பாரம் ஏ, மரணச் சான்று, வாரிசுகள் எல்லாருடைய ஐசி, சாரியான் நகல் ஆகியவற்றோடு பகிர்வுப் பிரிவில் மனு செய்தால், விசாரணை வைத்து ஆணை தருவார்கள். காலத்தை இழுப்பது வேறொன்று. தாத்தாவுக்குப் பின் மகனும் இறந்து, அந்த மகனின் பங்கும் பிரிக்கப்படாமல் கிடந்தால் ஒவ்வொரு மரணத்துக்கும் தனித்தனியாக ஆணை வாங்க வேண்டும். வாரிசுகளில் ஒருவர் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருந்து கையெழுத்துப் போடாமல் இழுத்தால் எல்லாம் அப்படியே நிற்கும். கூட்டுப் பெயரில் உள்ள நிலத்தில் ஒரு பங்காளிக்கு மட்டும் வீடு கட்ட வேண்டுமென்றால், மற்றவர்கள் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் சம்மதக் கடிதம் தர வேண்டும். 'அண்ணன் வாயால் சரின்னுட்டார்' என்பது கோப்பில் ஏறாது.

டிஓஎல் என்னும், அரசு நிலத்தில் இருப்பதற்கான தற்காலிக உரிமத்தை வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த உரிமம் எந்த ஆண்டிலும் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிந்தது, பிள்ளைக்கு வராது. கெலுகோரில் இருந்த காம்போங் புவா பாலா 2009-இல் இடிபட்டதைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டிஓஎல் நிலத்தில் நிரந்தர வீட்டுக்கு மனு போடுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. முதலில் நிலத்தை உரிமையாகக் கேட்டு மனு செய்ய வேண்டும்.

விவசாய நிலம் என்றால் ஒரு கணக்கு உண்டு. தேசிய நிலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் கட்டடத்துக்குப் போகும் பரப்பு நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 2 ஹெக்டேர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. 4,000 சதுர அடித் துண்டில் ஐந்தில் ஒரு பங்கு 800. 1,000 சதுர அடி வீடு அதில் அடங்காது. 5,000 இருந்தால் அடங்கும், ஆனால் கார் நிறுத்தும் கூரைக்கு மிச்சமில்லை. அடங்காவிட்டால் நிலத்தின் வகையை மாற்ற மனு செய்து பிரீமியம் (வகை மாற்றக் கட்டணம்) கட்ட வேண்டும். அந்தச் செலவை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பெரியவர்கள் பரப்பை ரெலோங்கில் சொல்வார்கள். ரெலோங் இடத்துக்கு இடம் மாறும். தாளில் இருக்கும் சதுர மீட்டரை 10.76 ஆல் பெருக்கிச் சதுர அடியாக்கிப் பாருங்கள். எல்லைக்கற்களையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். வேலிதான் எல்லை என்று நினைத்து அடித்தளம் வெட்டினால் பக்கத்து நிலத்துக்குள் கால் வைத்திருப்பீர்கள். கல் தொலைந்திருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் திரும்ப ஊன்ற முடியும்.

ஆறோ கால்வாயோ ஓரம் என்றால் ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) ஒதுக்கு நிலத்தைக் கழிக்க வேண்டும். 5 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரை அகலத்துக்கு 10 மீட்டர், 10 முதல் 20 வரை 20 மீட்டர், 20 முதல் 40 வரை 40 மீட்டர், அதற்கு மேல் 50 மீட்டர். வாய்க்கால் ஓரத்தில் ஒடுக்கமாகக் கிடக்கும் துண்டு நிலங்கள் பல இந்தக் கழிவிலேயே முடிந்துவிடும்.

தண்ணீருக்கு நாங்கள் பிடிக்கும் அளவுகோல் 2017 நவம்பர் 4, 5 வெள்ளம். அந்த நிலத்திலோ பக்கத்து வீட்டிலோ சுவரில் தங்கிய கோட்டைத் தேடுகிறோம். சுண்ணாம்புச் சுவரானால் பழுப்பு வரி இன்னும் மங்கலாகத் தெரியும். வர்ணம் பூசியிருந்தால் கழிவறைக் கதவின் பின்பக்கம், மரத்தூணின் அடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கோட்டிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளந்தபின், அந்த உயரத்தைப் புது வீடு வரும் இடத்துக்குக் கொண்டுபோக 20 அடி பிளாஸ்டிக் ஹோஸ் போதும். ஒளி புகும் ஹோஸில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல் தட்டிவிட்டு, ஒரு முனையைக் கோட்டோடு வைத்தால் மறுமுனையில் நிற்கும் தண்ணீர்தான் அதே மட்டம். குமிழ் ஒன்று உள்ளே இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். வீட்டுத் தரை அந்தக் கோட்டுக்கு மேலே ஓர் அடியாவது இருக்க வேண்டும். நிபோங் தெபாலில் கெரியான் ஆற்றோரம் என்றால் மழையை மட்டும் பார்த்தால் போதாது, பெரிய கடலேற்றம் வரும் நாளில் எவ்வளவு நிற்கிறது என்றும் கேட்க வேண்டும்.

தரையை 2 அடி உயர்த்துவதென்றால் மண் எவ்வளவு? 25-க்கு 40 அடி வீட்டுக்குச் சுற்றிலும் 5 அடி விட்டு மேடை போட்டால் 35-க்கு 50. 2 அடி உயரத்துக்கு 3,500 கன அடி, அதாவது சுமார் 99 கன மீட்டர். இறுக்கியபின் அமுங்குவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 124. பத்து டயர் லோரிக்குச் சுமார் 10 கன மீட்டர் என்றால் 12, 13 லோரி. இந்த மண், பைலிங் (நிலத்துக்குள் அடிக்கும் தூண்கள்), பழைய வீட்டை இடிப்பது போன்றவை பெரும்பாலும் மனுதாரர் கையிலிருந்து போகும். 'வீடு அரசாங்கம் தருது' என்று நினைத்திருந்த குடும்பம் தடுமாறுவது இங்கேதான். மேடை போடும்போது பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் திரும்பாமல் வடிகால் வெட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே புகார் எழுதுவார்கள்.

மண்ணுக்கு ஜேகேஆர் புரோப் (பொதுப்பணித் துறையின் கம்பி இறக்கும் சோதனை) போதும். 5 கிலோ சுத்தியலை ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டுவிட்டு, கம்பி ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை தட்டு விழுந்தது என்று எண்ணுகிறார்கள். ஓர் அடி ஆழத்துக்கு 400 தட்டு வந்தால் நிறுத்தம், 15 மீட்டர் போயும் வராவிட்டாலும் நிறுத்தம். வீட்டின் மூலைகளிலும் நடுவிலுமாகக் குறைந்தது மூன்று இடம். கம்பி தன் எடையிலேயே இறங்கிப்போனால் சாதாரண அடித்தளத்தை மறந்துவிடுங்கள். பத்து கவான், பைராம் பக்கக் கடலோரக் களிமண்ணில் இது சர்வசாதாரணம். அங்கே வீட்டைப் பைலிங்கில் நிறுத்திவிட்டு முற்றத்தை மட்டும் மண் போட்டு உயர்த்தினால், வீடு நிற்கும், முற்றம் இறங்கும். முதலில் விரிசல் விடுவது வாசற்படி, அடுத்து உடைவது கழிவறையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய். மேடை மண்ணை மழைக்காலத்துக்கு முன்பே போட்டு அமுங்கவிடுவதும், அந்த இடத்தில் வளையும் இணைப்பு வைப்பதும் இந்தச் சிக்கலைக் குறைக்கும். பக்காவ் (சதுப்புநில மரம்) கட்டை மலிவுதான், ஆனால் எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் உளுக்காது.

வழியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கான்கிரீட் கலவை லோரி முழுச் சுமையில் 25 டன்னுக்கு வந்துவிடும். வாய்க்கால்மேல் போட்ட சின்னப் பாலம் தாங்குமா, 4 மீட்டர் உயரத்துக்குக் கீழே கம்பி தொங்குகிறதா, வளைவில் திரும்ப இடம் உண்டா என்று நடந்து பாருங்கள். வராவிட்டால் கையால் கலக்க வேண்டும். 1,000 சதுர அடிக்கு 4 அங்குலத் தளமே 9.4 கன மீட்டர், 1:2:4 கலவைக்குச் சிமெண்டு மட்டும் சுமார் 60 மூட்டை. அதைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் கூலியைக் குத்தகையாளர் மதிப்பீட்டில் சேர்ப்பார், இல்லை வேலையைப் பாதியில் விடுவார். வழி அடுத்தவர் நிலம் வழியாகப் போனால் பேச்சனுமதி போதாது. நிலம் கைமாறும் நாளில் வேலி வந்துவிடும். வழியுரிமையைக் கெராண்டில் பதிவு செய்ய நில அலுவலகத்தில் கேளுங்கள்.

மின்சாரம், தண்ணீர்க் குழாய் இரண்டுக்கும் அருகிலுள்ள தூணும் குழாயும் எவ்வளவு தூரம் என்று அளந்து, டிஎன்பியிடமும் பிபிஏபிபியிடமும் மதிப்பீடு எழுத்தில் வாங்குங்கள். தூரம் கூடினால் தூண் செலவு கூடும்.

வருமானத்துக்கு வருகிறோம். கூலி வேலை, தோட்ட வேலை, கடை உதவி என்று இருப்பவர்களுக்குச் சிலிப் இராது. சேமநிதி அறிக்கை, வங்கிக் கணக்கு, ஆணையர் முன் செய்த பிரமாணம், பெங்குளு அல்லது எம்பிகேகே (கிராமச் சமூக நிர்வாக மன்றம்) தலைவர் உறுதிக் கடிதம், இந்த நான்கில் கிடைப்பதைச் சேருங்கள். பெரியவர் பெயரில் மனு, பிள்ளை தவணை கட்டுவார் என்றால் அந்தப் பிள்ளையின் வருமானத்தையும் காட்டுங்கள். தவணையைக் கணக்கிடும்போது மண் செலவுக்கு வாங்கும் கடனையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நாங்கள் மனுவை எழுதுவதில்லை; பிபிஆர்டி பழுதுபார்ப்புக்கு மாற்றிவிடுகிறோம். கூரைத் தகரமும் அழுகிய தூணும் மாற்றினால் தீரும் வீடுகள் நினைப்பதைவிட அதிகம்.

மனுவோடு படங்கள் வைக்கும்போது முகப்பு அழகாகத் தெரியும் படத்தைத் தவிர்த்து, எல்லைக்கல், சுவரின் வெள்ளக்கோடு டேப்புடன், வழியின் குறுகலான இடம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துத் தேதியோடு இணையுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும். மீதிக்கு, நிலத்தில் யாராவது ஒருவர் அன்று இருந்தாக வேண்டும். பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய கோப்பு மறுபடி வரிசையின் பின்னால்தான் போகும்.