பெட்டியில 50 வாட் x 4னு போட்டிருக்கும், நம்பாதீங்க

கார் ஸ்டீரியோ வாங்கப் போனா கடைக்காரர் முதல்ல காட்டுறது வாட்ஸ் நம்பர்தான், ஆனா அது பீக் பவர், ஒரு நொடி தாக்குப்பிடிக்கிற கணக்கு. நீங்க பாக்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்குற பவர். தனி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குற பெட்டி) இல்லாத சாதா ஹெட் யூனிட்ல (டாஷ்போர்டுல இருக்குற ஸ்டீரியோ) அது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, சுமார் 20 வாட்தான் வரும், கார் பேட்டரி குடுக்குற 12-14 வோல்ட்டுக்கு 4 ஓம் ஸ்பீக்கர்ல அதுக்கு மேல இழுக்க முடியாதுங்க.

செட்டிங்ஸ்ல யாருமே தொடாத ஒண்ணு ஹெச்பிஎஃப், அதாவது ஹை பாஸ் ஃபில்டர். அதை 80 ஹெர்ட்ஸ்ல வெச்சா அதுக்குக் கீழ உள்ள பேஸ் (அடி சத்தம்) டோர் ஸ்பீக்கருக்குப் போறது குறைஞ்சிடும், ஸ்பீக்கரோட கோன் (அதிர்ற கூம்பு) தடதடன்னு அடிக்காது, குரல் தெளிவா கேக்கும், வால்யூமும் இன்னும் கொஞ்சம் ஏத்தலாம். சப்வூஃபர் இருந்தா எல்பிஎஃப்பையும் (லோ பாஸ் ஃபில்டர், மேல் சத்தத்தைக் குறைக்கிறது) அதே 80 பக்கம் வெச்சுடுங்க, அடி சத்தத்தை சப்வூஃபர் பாத்துக்கும். சப்வூஃபர் இல்லைன்னா ஹெச்பிஎஃப்பை 60ல நிறுத்துங்க, இல்லாட்டி பாட்டு சப்புன்னு இருக்கும்.

லவுட்னஸ் பட்டன் சின்ன வால்யூமுக்குத்தான், ஏன்னா மெதுவா கேக்கும்போது நம்ம காதுக்கு பேஸ் சரியா எட்டாது, அதை ஈடுகட்டத்தான் அது. சத்தமா வெச்சிட்டு அதையும் ஆன் பண்ணி, பேஸையும் ஃபுல்லா திருப்புறாங்க பாருங்க (மினி பஸ் நினைப்பு!), ஸ்பீக்கர் கிழியாம என்ன பண்ணும்?

பேலன்ஸ் இடது வலது, ஃபேடர் முன்னாடி பின்னாடி, அவ்ளோதான். பின்சீட்ல குழந்தை தூங்குனா ஃபேடரை முன்னாடி தள்ளி விட்டுடுங்க.