ஒரு சேலைனும் ஏத்தாத டொக்டர்

"ஒரு சேலைன்கூட ஏத்தேல்லை. அப்பிடியே வேற ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டவ." வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி இந்தக் கதையை எடுக்காமல் விடமாட்டார். கதையின் நாயகன், என் மனைவியின் தம்பி, அதே விறாந்தையில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவன் உயிரோடு இருப்பதே அந்த டொக்டர் சேலைனை அள்ளி ஊற்றாமல் கெதியாக அனுப்பியதால்தான் என்று நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். மாமியிடம் எடுபடவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

நடந்தது போன வருடத்துக்கு முந்தின மார்கழியில். எங்கள் பக்கம் ஓடித் திரிகிறவர்களுக்குத் தெரியும், மழை இரவில் கட்டாக்காலி மாடுகள் காட்டையும் வயலையும் விட்டுவிட்டுத் தார் ரோட்டில் வந்து படுத்துவிடும், ரோட்டில்தான் கொஞ்சம் சூடும் கிடக்கும், ஈரமும் வடிந்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த ரோடு, வெளிச்சம் இல்லை. முல்லைத்தீவு - மாங்குளம் வீதியில் ஒட்டுசுட்டான் தாண்டி வந்துகொண்டிருந்தவன் மோட்டார் சைக்கிளோடு நேரே போய் அடித்தான். ஹெல்மட் போட்டிருந்தபடியால் தலை தப்பியது. ஹாண்டில் இடது பக்க வயிற்றில் குத்தியிருக்கிறது. வெளியே ஒரு சிராய்ப்புத்தான், ரத்தமே இல்லை. எழும்பி இருந்து, மாட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டானாம்! பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு கிட்டடியில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் அடித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கட்டிலில் கிடந்தபடி கதைத்துக்கொண்டிருந்தான். "அத்தான், வயிறு பெரிசா நோகேல்லை, இந்த இடது தோள்தான் உயிர் போகுது" என்றான். தோளில் ஒரு கீறல்கூட இல்லை. சும்மா சொல்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். வேலையில் நின்றவர் ஒரு இளம் பெண் டொக்டர், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏஎல் எழுதப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். தோள் நோவு என்று கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் கண்டேன். மண்ணீரல் கிழிந்து ரத்தம் வயிற்றுக்குள் மேல் பக்கம் சேர்ந்து உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையை) உறுத்தினால் நோவு இடது தோளில் தெரியும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். நரம்பு வழி அப்படி. தோளுக்குப் போகிற நரம்பும் உதரவிதானத்துக்கு வருகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் இருந்துதான் புறப்படுகின்றன.

பிரஷர் 110க்கு 70. எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதி. டொக்டருக்கு நிம்மதி இல்லை, ஏனென்றால் நாடி 118. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் "பிரஷர் நல்லா இருந்ததே, பிறகெப்படி?" என்று செத்தவீடுகளில் கேட்பதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வளர்ந்த ஒரு ஆளின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒரு லீற்றர், ஒன்றே கால் லீற்றர் போகும்வரைக்கும் இளம் உடம்பு பிரஷரைக் கீழே விடாது. குழாய்களை இறுக்கும், இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும், தோலைக் குளிர்ந்துபோகவிடும். நாடி ஏறும், ஆள் வெளிறுவான், தண்ணி கேட்பான், அந்தரப்படுவான், ஆனால் கருவியில் பிரஷர் நல்லதாகவே காட்டும். அது விழத் தொடங்குகிற நேரத்தில் உடம்பு தன் கையிருப்பையெல்லாம் செலவழித்து முடித்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்த டொக்டர் செய்தவை. இரண்டு கையிலும் பெரிய ஊசி. ஒக்சிசன். ஈர உடுப்பை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பளி போர்த்தி, மேலே சுழன்ற ஃபானை நிற்பாட்டச் சொன்னார். மாமி அந்த நேரம் வந்துவிட்டார், "பிள்ளைக்கு வேர்க்குது, ஃபானை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று சண்டை. பத்து நிமிடத்துக்குள் மெதுவாக ஒரு மருந்து ஏற்றினார்கள். அதற்கிடையில் போனில் பெரிய ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை நிபுணரைப் பிடித்து, ரத்தம் ஆயத்தமாக இருக்கட்டும், தியேட்டர் திறந்து இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. சேலைன் போத்தல் தொங்கியது, ஆனால் சொட்டவில்லை. போய் இருபத்தைந்து நிமிடத்துக்குள் ஆள் அம்புலன்ஸில், ஒரு நேர்ஸ் கூடவே ஏறினார். அங்கே இறக்கி நேரே ஸ்கான், நேரே தியேட்டர். வயிற்றுக்குள் இரண்டு லீற்றருக்குக் கிட்ட ரத்தம் கிடந்ததாம். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

மாமியின் கண்ணில் பட்டது என்ன? ஊசி குத்தினார்கள், போனில் கதைத்தார்கள், அனுப்பினார்கள். வைத்தியம் என்றால் போத்தல் தொங்கி அது சொட்டவேண்டும், இதுதான் எங்கள் எல்லோருடைய மனதிலும் இருக்கிற படம்.

உள்ளே ரத்தம் ஓடுகிற இடம் அடைபடாமல் சேலைனை ஊற்றுவது, கட்டு உடைந்த குளத்துக்கு வாய்க்காலால் தண்ணீர் விடுகிற வேலை. விடவிட உடைப்புப் பெரிதாகும். அதோடு சேலைனில் ரத்தம் உறைவதற்கான சாமான் ஒன்றும் இல்லை, இருக்கிற ரத்தத்தையும் அது நீர்க்கச் செய்யும், உடம்பையும் குளிரப்பண்ணும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது, உறையாவிட்டால் இன்னும் ஓடும், ஓடினால் இழையங்களுக்கு ஒக்சிசன் போகாமல் ரத்தம் அமிலமாகும், அமிலமானால் இன்னும் உறையாது. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆளை முடித்துவிடும் என்று சத்திரசிகிச்சைக்காரர்கள் பயப்படுகிறார்கள். ஃபானை நிற்பாட்டியது அதற்குத்தான். (தலையில் பலத்த அடி என்றால் கணக்கு வேறு. மூளைக்குப் பிரஷர் வேண்டும், அதைக் குறையவிட்டால் கூடாது. எல்லாருக்கும் ஒரே மருந்தில்லை.)

மெதுவாக ஏற்றிய மருந்தின் பெயர் டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த ரத்தக் கட்டி கரையாமல் பிடித்துவைக்கும், பெரிய விலையும் இல்லை. 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட காயக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருந்து ஏற்றாதவர்களில் 100க்கு 16 பேர் இறந்தார்கள், ஏற்றியவர்களில் 14.5 பேர். சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும், நான் கணக்கு வாத்தி, 1000 பேருக்கு 15 உயிர் என்று எழுதிப் பார்த்தால் சின்னதாகத் தெரியவில்லை. அதைவிட முக்கியம், அடுத்த வருடம் அதே தரவுகளைப் பிரித்துப் பார்த்ததில் வந்தது: மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் காப்பாற்றுகிறது, அதற்குப் பிந்திக் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாகிறவர்களைக் கூட்டுகிறது. அதே மருந்துதான், நேரம்தான் வேறு.

இனி மற்றக் கதை. சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், நீட்ட எனக்கு விருப்பமில்லை. மச்சானின் விபத்துக்கு நாலு வருடம் முன்னர், எனக்குச் சித்தப்பா முறையான ஒருவரை மணல் ஏற்றிய டிப்பர் இடித்தது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாக்கு விரித்துக் கொண்டுபோனோம், வேறொரு ஆஸ்பத்திரிக்கு. அங்கே எல்லாம் செய்தார்கள். கைக்கு எக்ஸ்ரே, காலுக்கு எக்ஸ்ரே, சேலைன் ஒன்று முடிய அடுத்தது, பிறகு அடுத்தது. இடுப்பெலும்பு உடைந்தால் இரண்டு லீற்றருக்கு மேல் ரத்தம் உள்ளேயே போகலாம், ஒரு பெட்ஷீற்றையோ சாரத்தையோ மடித்துத் தொடை தொடங்குகிற மட்டத்தில் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாலே அது குறையும். அன்றைக்கு யாரும் கட்டவில்லை. எங்களுக்கும் தெரியாது. எங்கே அனுப்புவது, யார் பொறுப்பெடுப்பது என்று போனில் இழுபட்டு, மூன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் ஏற்றினார்கள். பாதி வழிகூடப் போகவில்லை. செத்தவீட்டில் சித்தி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "டொக்டர்மாரில பிழையில்லை, அவை எல்லாம் செய்தவை, நாலு சேலைன் ஏத்தினவை."

ஆக, உயிரைக் காப்பாற்றியவர் எங்கள் ஊரில் திட்டு வாங்குகிறார், மற்றவர்களுக்கு நன்றி கிடைக்கிறது.

அங்கே நின்றவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். இது எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. 1976இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு வைத்தியர் தானே ஓட்டிய சின்ன விமானத்தோடு நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தார். மனைவி அங்கேயே இறந்துபோனார், நாலு பிள்ளைகளையும் கொண்டு கிட்டடியில் இருந்த நாட்டுப்புற ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே எதை முதலில் பார்ப்பது என்றே தெரியாமல் நின்றார்களாம். அந்தக் கோபத்தில் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய பயிற்சி 1978இல் முதல் முறையாக நடந்தது, இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் மூச்சுப் பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், பிறகு நினைவு, பிறகு உடுப்பைக் களைந்து முழு உடம்பு. எது முதலில் கொல்லுமோ அதை முதலில் பார். உடைந்த கை ஆளைக் கொல்லாது, எக்ஸ்ரே பிறகும் எடுக்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவிலேயே, காயத்துக்கென்று ஆயத்தமாக்கிய 18 ஆஸ்பத்திரிகளையும் அப்படி இல்லாத 51 ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டு 2006இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. காயத்தின் கடுமையையும் வயதையும் சமப்படுத்திப் பார்த்ததில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் ஆயத்தமான பக்கம் 100க்கு 10.4, மறுபக்கம் 13.8. 1000 பேருக்கு 34 உயிர். இரண்டு பக்கமும் அமெரிக்காதான், இரண்டு பக்கமும் படித்த டொக்டர்மார், ஸ்கான் எல்லாம் உண்டு. வித்தியாசம் எங்கே என்றால், ஆள் வாசலுக்கு வருமுன்னரே குழு கூடி நிற்பது, எந்தச் சாமத்திலும் தியேட்டர் ஆயத்தம், ரத்தம் ஆயத்தம், ஒவ்வொருவருக்கும் தன் வேலை தெரிந்திருப்பது.

"அதெல்லாம் காசுள்ள நாட்டுக்கு" என்று சொல்லுவீர்கள். சரி, வடக்கு ஈராக்கையும் கம்போடியாவையும் எடுங்கள், எங்களைப்போலவே மிதிவெடி விதைத்த நிலங்கள். அங்கே ஆஸ்பத்திரி மணித்தியாலக் கணக்கில் தூரம். கிராமத்து ஆட்களுக்கும் உள்ளூர் மருத்துவ உதவியாளர்களுக்கும் ரத்தத்தை அடக்கவும் மூச்சுப் பாதையைத் திறந்துவைக்கவும் பழக்கினார்கள். ஐந்து வருடத்தில் காயக்காரர்களின் சாவு 100க்கு 40இல் இருந்து 15 அளவுக்கு இறங்கியது. தூரம் அப்படியேதான் இருந்தது. அதனால் "யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல, என்ன செய்யிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது பதில் இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியாத விசயமா என்றும் யோசிப்பதுண்டு. 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் வந்து திருகோணமலைக்கு ஏற்றும்வரைக்கும் உயிரைப் பிடித்துவைப்பதுதான் அங்கே வைத்தியம். சாரத்தைக் கிழித்துக் கட்டுப் போடத் தெரியாத ஆள் அன்றைக்கு இங்கே இல்லை. அந்தக் கைப்பழக்கம் எல்லாம் எங்கே போனது? டிப்பர் அடித்தால் சுற்றி நின்று வீடியோ எடுக்கிறோம், அல்லது இரண்டு பேர் கையிலும் காலிலும் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துத் திணிக்கிறோம்.

சில விசயம் மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் வருகிற அம்புலன்ஸ் 2018 ஆடியில் வடக்குக்கு வந்தது, காசில்லை. ஆனால் அம்புலன்ஸ் கொண்டுபோய் இறக்குகிற வாசலில் யார் நிற்கிறார் என்பதுதான் இன்னும் அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி. மச்சானுக்கு அந்த இரவு நல்ல சீட்டு விழுந்தது. சித்தப்பாவுக்கு விழவில்லை.

போன தையில் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒரு நன்றி சொல்ல. மாமியும் வந்தார், எப்படியோ சம்மதிக்கவைத்தேன், கையில் வீட்டு மாம்பழம் பத்து. அந்த டொக்டர் ட்ரான்ஸ்பரில் போய்விட்டார். எங்கே என்று அங்கே நின்றவருக்குத் தெரியவில்லை, அவரும் வந்து இரண்டு கிழமைதானாம். இப்படியான காயம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, அவர் பாவம், வெளியே ஓபீடியில் அறுபது பேர் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்றைக்குச் செய்தது எதுவும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். டெங்கு போஸ்டரும் தாய்ப்பால் போஸ்டரும் இருந்தன. மாம்பழத்தை மாமி நேர்ஸ்மாருக்குப் பிரித்துக் கொடுத்தார். அதில் ஒருவர் அன்று அம்புலன்ஸில் கூட ஏறியவர். மச்சானைப் பார்த்ததும் முதல் கேள்வி, "தடுப்பூசி எல்லாம் போட்டனியா? காய்ச்சல் வந்தா வீட்டில பனடோல் போட்டுக்கொண்டு படுக்கப்படாது, உடன ஓடிவரவேணும், கிருமியோட சண்டை பிடிக்க உனக்கு மண்ணீரல் இல்லை, தெரியும்தானே." அவன் பேர்ஸைத் திறந்து, அடையாள அட்டைக்குப் பின்னால் பொலித்தீனில் சுற்றிவைத்திருந்த தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினான்.

திரும்பி வரும்போது மாமி ஓட்டோவுக்குள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "நல்ல பிள்ளையள்தான்" என்றார். "எண்டாலும் ஒரு சேலைன் ஏத்தியிருக்கலாம்."